குளத்துக்கு முதலில் ஒரு போர்வை

மார்கழிக் காலை, ஆறரை மணி. கோவை வடவள்ளியைத் தாண்டி ஒரு வீட்டுத் தோட்டம். நீச்சல் குளத்தின் மேலே வெள்ளை வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, பின்னால் மருதமலை. வீட்டுக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார். வாரம் இரண்டு முறை குளம் சுத்தம் செய்ய வரும் தம்பி, இலை அள்ளும் வலையோடு பக்கத்தில் நின்றார்.

“படம் நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆனா மேல போறது பூராம் நேத்து நீங்க காசு குடுத்துப் போட்ட சூடுங்க.”

வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

குளம் கட்டும்போதே கரண்ட் ஹீட்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பில்லைப் பார்த்தவுடன் அணைத்ததுதான், மூன்று வருடம் யாரும் அதைத் தொடவில்லை. இப்போது அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மார்கழியில் கோவைக் குளத்தில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், எழுபது வயதில் அது ஆகிற காரியமில்லை. வேறு வழியின்றிப் பழைய ஹீட்டரை இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டே புதியது தேடுகிறார்கள். மேஜையில் மூன்று கொட்டேஷன் கிடந்தன. மூன்றிலும் கிலோவாட் இருந்தது, விலை இருந்தது, வாரன்டி இருந்தது. ராத்திரி குளத்தை மூடுவது பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை. எந்த ஹீட்டர் நல்லது என்று எழுதத்தான் வந்தேன். அந்த விடுபட்ட வரி என்னை இன்னும் விடவில்லை.

முதலில் ஹீட்டர் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்தக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம். 40,000 லிட்டர். அதை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 46 யூனிட் வெப்பம் தேவை. 24 டிகிரியில் கிடக்கும் தண்ணீரை 30-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 280 யூனிட். கரண்ட் ஹீட்டர் என்றால் அத்தனையும் அப்படியே மீட்டரில் ஏறும்.

ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது போல. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். கோவையின் பகல் வெயிலில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் அளவு வெப்பம் தரக்கூடியது. 280 யூனிட் 56 ஆகிவிடும். காற்று குளிரக் குளிர இந்த லாபம் இறங்கும் என்பதால் காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு மணிக்குள் ஓட்டுவதே புத்திசாலித்தனம். குளோரின் கலந்த தண்ணீர் உள்ளே ஓடப்போகிறது. சுருள் டைட்டானியம்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஊட்டியில் கதை வேறு. பனிக்கால இரவில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும் குளிரில் இயந்திரத்தின் மேலேயே பனி உறைந்துவிடும். அங்கே திறந்தவெளிக் குளத்துக்குச் சூடேற்றுவதே எனக்குச் சம்மதமில்லை.

சோலார் என்றதும் மாடியில் ஏற்கெனவே இருக்கும் குளியலறை சோலாரிலிருந்து ஒரு பைப் இழுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. குளோரின் அதன் செம்பை அரித்துவிடும். குளத்துக்கென்று கறுப்புப் பிளாஸ்டிக்கில் பாய் போல விரிக்கும் தகடுகள் இருக்கின்றன. மேலே கண்ணாடிகூட வேண்டாம். குளத்தின் பரப்பில் பாதியாவது, முடிந்தால் முழு அளவுக்கே மொட்டை மாடியில் இடம் வேண்டும். போட்டுவிட்டால் பம்பு ஓடும் கரண்டைத் தவிரச் செலவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் மட்டும் கைவிரித்துவிடும்.

கேஸ் ஹீட்டர் வேகமானது. மாதம் ஒரு முறை விருந்தாளிகள் வரும் பண்ணை வீட்டுக்கு அதுதான் சரி என்று விற்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தினமும் இறங்குகிற வீட்டுக்குக் கட்டாது: 19 கிலோ சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்தால் இந்தக் குளம் நாலு டிகிரி சூடாகும், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பம்பும் ஃபில்டரும் பெரும்பாலும் தரைக்குக் கீழே குழி எடுத்து வைக்கப்படுகின்றன. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். அந்தக் குழிக்குள் கேஸ் ஹீட்டரை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் கட்சி ஹீட் பம்ப், மாடியில் இடமிருந்தால் சோலாரும் கூட. இதில் பெரிய குழப்பம் எனக்கில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது: கஷ்டப்பட்டு ஏற்றிய அந்த 30 டிகிரி எங்கே போகிறது?

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். வெளியே கசிந்த ஈரம் காற்றில் காய்கிறது. காய்கிற ஈரம் உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. நீச்சல் குளம் வாய் அகன்ற ஒரு பானை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பம் அதனோடு போய்விடுகிறது. அதே ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கத் தேவைப்படுவது அதில் எட்டில் ஒரு பங்குதான்.

குளத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 160 லிட்டர். கூடவே 108 யூனிட் வெப்பம். குளம் முழுவதும் இரண்டேகால் டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். பகலில் வெயில் கொஞ்சம் திருப்பித் தரும், இரவில் யார் தருவது? திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவி வழியாகவே போகிறது என்று அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். மூடிவைத்தால் சூடேற்றும் செலவு பாதிக்கு மேல் குறையும் என்பதும் அங்கே பார்த்ததுதான்.

கோவைக்கு இது இன்னும் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. உங்கள் குளத்தின் மேலும் அதே காற்றுதான் அடிக்கிறது. ஆடியில் வெயில் இருந்தும் குளத்தில் இறங்கினால் உடம்பு வெடவெடப்பது அதனால்தான். மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு வேலிச்செடி வரிசை வைத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றில் எல்லாம் கரை ஒதுங்க, நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு நல்ல யோசனையும் அடிபட்டுப் போனது என்றே நான் நினைக்கிறேன். பரந்த அணையில் நிற்காத மூடி, 32 சதுர மீட்டர் வீட்டுக் குளத்தில் நிற்கும். கொப்புளம் கொப்புளமாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சுருட்ட ஒரு ரோலர். கொப்புளப் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதை யாரும் வாங்குவதில்லை. காரணம் அழகு. இப்போது கட்டுகிற பங்களாக்களில் விளிம்பு வழிந்து ஓடும் குளம்தான் மோஸ்தர், கூடவே சுவரிலிருந்து கொட்டும் சின்ன அருவி. வழிகிற ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் மெல்லிய தாளாகக் காற்றில் விரிகிறது, சூட்டை விடுகிறது. அப்படி ஒரு குளத்துக்கு ஹீட்டர் மாட்டுவது ஜன்னலைத் திறந்துவைத்து ஏ.சி. போடுவதற்குச் சமம். சூடு வேண்டுமென்றால் அருவியை நிறுத்துங்கள்.

தண்ணீரும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். நாளுக்கு 160 லிட்டர் என்றால் 75 நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்று ஆவியாகிப் போகிறது, ஆயிரம் அடி போர் போட்டும் ஈரம் வராத ஊர்களை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டத்தில். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு குளத்திலேயே தங்கிவிடும். ஈடுகட்ட விடும் போர் தண்ணீர் மேலும் உப்பைக் கொண்டுவரும். அது கடைசியில் ஹீட்டரின் சுருளில் போய்ப் படியும். மூடாமல் விட்ட குளம் புது ஹீட்டரையும் சீக்கிரம் கெடுத்துவிடும் என்று அந்தத் தம்பி சொன்னது இதைத்தான்.

மூடியில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மிதக்கும் விரிப்பைத் தரை என்று நம்பி ஒரு குழந்தை கால் வைத்தால் அப்படியே சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. எனவே வேலியும் பூட்டும் இல்லாத குளத்தில் விரிப்பு போடாதீர்கள். பாதி மட்டும் சுருட்டிவிட்டு யாரையும் இறங்க விடாதீர்கள். இந்த வாக்கியத்தை எழுதாமல் மூடியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

வடவள்ளி வீட்டில் விரிப்புக்கு அளவு எடுத்தாயிற்று. ஹீட் பம்ப் அதற்கப்புறம். கொட்டேஷனில் சொன்னதைவிடச் சின்ன இயந்திரம் போதுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்போது ரோலரை எங்கே வைப்பது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“மேற்கால வெச்சா காத்து தூக்கிருமுங்ணா” என்றார் தம்பி.

“படிக்கட்டுப் பக்கம் வேண்டாங் கண்ணு, நான் பிடிச்சு எறங்கற கம்பி அங்கதான் இருக்குது” என்று திண்ணையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.