நூல் தரும் துணை

சேலைத் தலைப்பு இடத் தோளில் எப்படி நிற்கிறது என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. என் பெரியம்மாவுக்கு அதை எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக அவருடைய இட மார்பகத்தை அறுத்து எடுத்தார்கள். நோய் நீங்கிற்று, உயிர் பிழைத்தார். ஆனால் மாட்டுங்காவில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். பழைய வேட்டித் துண்டை உருட்டி, ரவிக்கைக்குள் ஊக்குக் குத்தி வைத்துக்கொள்வார். மின்சார ரயிலில் கைப்பிடியைப் பற்றக் கையை உயர்த்தினால் அந்த உருண்டை கழுத்தை நோக்கி ஏறிவிடும். ஒருமுறை ஏறிற்று, அதன்பின் அவர் ரயிலும் ஏறவில்லை, கலியாணங்களுக்கும் போகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டும், உணவுப் பட்டியலும், மறுபடி வரவேண்டிய தேதியும் கொடுத்தார்கள். இதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இக்கட்டுரையைச் சங்க மலரில் எழுதப் போகிறேன் என்றபோது, "இதையெல்லாமா எழுதுவது?" என்று என் அறைத் தோழி தயங்கினாள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது என்று உலக மதிப்பீடு கூறுகிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் இதற்குத்தான். எழுதாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அறுவை மருத்துவத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் வெளியிட்ட முறைப்படி, மார்பகத்தோடு அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். முக்கால் நூற்றாண்டுக் காலம் அதுவே வேதமாக இருந்தது. பெர்னார்டு பிஷர் என்பவரும் அவர் குழுவினரும் 1971-இல் தொடங்கிய ஆய்வுதான், அத்தனை கொடிய அறுவையால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டிற்று. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுக்கும் முறை பின்னர் வந்தது. ஆயினும் நம் நாட்டில் பெண்கள் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் செல்வதால், மார்பகத்தை முழுவதும் எடுப்பது இன்றும் மிகுதி.

எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளச் சிலிக்கோன் செயற்கை மார்பகம் கடைகளில் உண்டு. நல்ல பொருள்தான், எடையும் அசைவும் இயற்கையை ஒத்திருக்கும். ஆனால் விலை ஆயிரக்கணக்கில். அதற்கென்றே தைத்த உள்ளாடையும் வேண்டும். புண் நன்றாக ஆறும்வரை அணியவும் கூடாது. மும்பை வெயிலில் அதன் அடியில் வியர்வை தேங்கிச் சருமம் வெந்துபோகும் என்று அணிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நூலும் ஊசியும் உள்ளே வருகின்றன. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த பெரில் சாங் என்ற பெண், இந்நோய்க்கு ஆளானபின், தமக்கென்று ஒன்றைப் பின்னி, அதன் பின்னல் முறையை 2005-இல் எல்லோரும் அறிய வெளியிட்டார். 2011-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமோரெஸ்ட் என்பவருக்கும் இதே அறுவை நடந்தது. நூலால் பின்னியதும் உண்டு என்று அவருடைய மருத்துவர்தாம் எடுத்துச் சொன்னார். தோழி ஒருவர் பின்னிக் கொடுத்தார். இதமாக இருக்கக் கண்டு, மற்றவர்க்கும் இலவசமாகப் பின்னித் தர 'நிட்டட் நாக்கர்ஸ்' என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். நம் நாட்டில் ஜெயஸ்ரீ ரத்தன் என்னும் அம்மையார் மும்பையில் 2018-இல் இப்பணியைத் தொடங்கினார். 'சாயிஷா' என்று பெயர். தொண்டர்கள் வீட்டிலிருந்தே பின்னி அனுப்புகிறார்கள். வேண்டுவோர்க்கு விலையின்றித் தருகிறார்கள். விலையின்றி என்பதில் வேறொரு நயமும் இருக்கிறது. கடைக்காரரிடம் போய் அளவு சொல்லிக் கேட்கும் கூச்சம் பெண்ணுக்கு இல்லாமற் போகிறது.

நூல் எப்படி இந்த வேலையைச் செய்கிறது? நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்கும் நேராக ஓடுகின்றன, இழுத்தால் கொடுக்காது. பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து செல்கிறது. இழுக்கும்போது கண்ணி நீள்கிறது, விட்டால் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. திருப்பூர்ப் பனியன் உடலோடு ஒட்டி நிற்பதும் இதனால்தான். நடுவில் சில கண்ணிகளோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கணக்காகக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதைக் குறைத்தால் வட்டம் கிண்ணமாகக் குழிகிறது. கணிதம் படிக்கும் நண்பர்கள் இதைக் கண்டு மகிழலாம். தையல் விளிம்பு இல்லாததால் புண்பட்ட தோலில் உறுத்தல் இல்லை.

நூலைத் தேர்வதில் சற்று அறிவியல் உண்டு. கம்பளி கூடாது; அதன் தடித்த இழை நுனிகள் தோலைக் குத்தும். பருத்தி நல்லது. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் நீரைப் பற்றிக்கொள்வன. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை அது வைத்திருக்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காடும் வைத்திருக்காது. ஆகவே வெளியே வியர்வையை உறிஞ்சப் பருத்தி. உள்ளே நனைந்து கனக்காமலிருக்கப் பாலியெஸ்டர்ப் பஞ்சு. ஜான் மெர்ஸர் 1844-இல் கண்டறிந்தபடி காரச் சோடாவில் பதப்படுத்திய மெர்ஸரைஸ் நூலாயின் வழவழப்பும் உறுதியும் கூடும். பின்புறம் சுருக்குக் கயிறுபோல் ஒரு வாய் விட்டிருப்பார்கள். அதைத் திறந்து பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம்; கையால் துவைத்து உலர்த்தலாம்.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் எடை போனதால் தோளும் முதுகும் சாய்ந்து வலிப்பவர்களுக்கு இந்த எடையற்ற பின்னல் போதாது. அவர்களுக்குச் சிலிக்கோனே தக்கது. எதையும் வைத்துக்கொள்ளாமல் தட்டையான மார்போடு நிமிர்ந்து நடக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை மிகுகிறது. எப்பொழுது அணியத் தொடங்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சென்ற விடுமுறையில் நானும் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தேன். முதலில் பின்னியது தொப்பியாயிற்று. இரண்டாவது விரிந்து தட்டு மூடியாயிற்று. மூன்றாவது ஒருவாறு தேறியது. ஆய்வுக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 42 கிராம். அதைக் கையில் கொடுத்தபோது பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, இட்லியா?" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது ஒரு சிட்டிகைப் பஞ்சு அவர் கையில் இருந்தது. "கொஞ்சம் அதிகமாக அடைத்திருந்தாய், எடுத்துவிட்டேன்" என்றார்.

அன்று மாலை காய்கறி வாங்க அவரே கடைத்தெருவுக்குக் கிளம்பினார். பையை இடக் கையில் மாட்டியிருந்தார். திரும்பி வந்ததும் முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினார். படுக்கப் போகும்போதுதான், "இன்னொன்று பின்னு; துவைத்துப் போட்டால் மாற்று வேண்டாமா?" என்று கேட்டார். விடுதியில் இப்போது அதைத்தான் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது சுற்று நடக்கிறது.