இயல்பை அறிந்த கண்

எக்ஸ்ரே படம் பார்க்கக் கற்கும் மாணவர் முதலில் தேடுவது நோயைத்தான். நிமோனியாவின் வெண்திட்டு எங்கே, காசநோய் அரித்த குழி எங்கே, எலும்பில் விரிசல் எங்கே என்றே கண் அலையும். நலமான நெஞ்சின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சுவையான நோய்களுக்குத் தாவிவிடுவார். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயில்லாத உடம்பின் படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகாத கண்ணுக்கு நோய் எளிதில் பிடிபடாது. பிடிபட்டதாக அது நினைப்பதும் பல நேரங்களில் நோயாக இருக்காது. இரண்டாவது பிழைதான் அதிக ஆபத்தானது. ஏனென்றால் இல்லாத நோய்க்கும் சிகிச்சை தொடங்கிவிடும்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் எக்ஸ்ரே படம் அன்றும் இன்றும் உடம்பின் நிழல்தான். அதில் தெரியும் சாயல்கள் ஐந்து: காற்று கருப்பு, கொழுப்பு அடர்சாம்பல், இரத்தமும் தசையும் வெளிர்சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் பளீர் வெள்ளை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் படிந்துவிடும். இரண்டு வெவ்வேறு சாயல்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டுமே ஓரம் என்று ஒன்று தெரியும். இதயத்தின் வலது ஓரம் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம், அதை ஒட்டி வலது நுரையீரலின் நடு மடல் காற்று நிரம்பி இருப்பதுதான். அந்த மடலில் சளியும் சீழும் நிறைந்தால் இரண்டும் ஒரே சாயலாகி ஓரம் அழிந்துபோகும். அமெரிக்கக் கதிரியல் நிபுணர் பெஞ்சமின் ஃபெல்சன் 1950இல் விளக்கிய இந்த அடையாளம், நோய் எந்த மடலில் என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறது. ஆனால் இங்கே நோய் புதிதாக ஒரு வடிவமாக வந்து நிற்கவில்லை. இருக்க வேண்டிய ஒரு கோடு காணாமல் போயிருக்கிறது. அந்தக் கோடு எங்கே, எவ்வளவு கூர்மையாக இருந்திருக்க வேண்டும் என்பது மனத்தில் பதிந்தவருக்குத்தான் அதன் இழப்பு தெரியும்.

நலமான நெஞ்சு இருபுறமும் ஒத்திருக்கும் என்று நினைப்பது இயற்கை. படம் அப்படிச் சொல்வதில்லை. வலது உதரவிதானம் பொதுவாக இடதைவிட ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். நுரையீரலுக்குள் இரத்தக்குழாய்கள் நுழையும் இடம் பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் சற்று மேலே இருக்கும். மூச்சுக்குழல், மகாதமனியின் வளைவருகே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். இடது உதரவிதானத்தின் கீழ் கருப்பாகத் தெரியும் காற்று இரைப்பையினுடையது, கவலைக்கு இடமில்லை. அதே கருப்பு, மெல்லிய பிறையாக வலது உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் இடையே தெரிந்தால், இரைப்பையிலோ குடலிலோ துளை விழுந்திருக்கலாம். அவசர அறுவை சிகிச்சையை நினைக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே காற்று. இடம் அறியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். படம் எடுத்த முறையும் இயல்பை மாற்றும். நோயாளியை நிற்கவைத்து, ஏறத்தாழ 180 செ.மீ. தொலைவிலிருந்து முதுகுவழியே கதிரைச் செலுத்தி எடுத்த படத்தில், இதயத்தின் அகலம் நெஞ்சின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. படுக்கையில் கிடப்பவருக்கு முன்புறமிருந்து அருகில் வைத்து எடுத்தால், நலமான இதயமும் பெரிதாக விழும். மூச்சை நன்றாக இழுக்காமல் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, நீர் கோத்ததுபோல் தோன்றும். முலைக்காம்பின் நிழல்கூட நுரையீரல் கட்டியாக மிரட்டியதுண்டு.

இதையெல்லாம் அறியாததற்கு மருத்துவ உலகம் கொடுத்த விலை பெரியது, கொடுத்தவர்கள் குழந்தைகள். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி கைக்குழந்தைகளுக்குப் பெரிதாகவே இருக்கும். ஆனால் நெடுநாள் நோயில் அது சுருங்கிவிடும். அக்கால மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்களில் மிகுதி, நாள்பட்ட நோயில் நலிந்து இறந்த ஏழைக் குழந்தைகளுடையவை. சுருங்கிப்போன அந்தச் சுரப்பியே இயல்பான அளவு என்று பதிவாகிவிட்டது. பிறகு, நலமாக இருந்து திடீரென இறந்த குழந்தைகளிடம் பெரிய தைமஸைக் கண்டபோது, அதுவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். எக்ஸ்ரே படத்தில் அகன்ற நிழல் தெரிந்த குழந்தைகளுக்கு, 1907 முதல் பல ஆண்டுகள், சுரப்பியைச் சுருக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நியூயார்க்கில் தைராய்டு புற்றுநோய் வந்த 28 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1950இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிறுவயதில் தைமஸுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள். அந்தச் சிகிச்சைக்கு ஆளானவர்களுக்கு நோயே இருந்ததில்லை. இன்று பயிற்சி பெற்ற கண் அந்த நிழலைப் பாய்மரத்தின் வடிவிலும், விலா எலும்புகள் அழுத்திய அலையலையான ஓரத்திலும், மூச்சுக்குழலை அது தள்ளாமல் இருப்பதிலும் அடையாளம் கண்டு விட்டுவிடுகிறது.

குழந்தைகளின் எலும்புகளிலும் இதே பாடம்தான். வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்பு இருக்கும். அது படத்தில் தெரியாது என்பதால் கருப்புக் கோடாக, முறிவைப் போலவே தோன்றும். பாதத்தின் வெளிப்புற ஓரத்தில், சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் எலும்பின் அடியில் வளரும் துணுக்கு எலும்பின் நீளவாக்கில் ஒட்டி நிற்கும். அங்கே ஏற்படும் முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும். முழங்கையில் ஆறு எலும்பு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் ஒரே வரிசையில் தோன்றுகின்றன. உட்புற முனைக்குரிய மையம் மூன்றாவது. மூட்டின் உட்பகுதியில் தோன்றும் மையம் நான்காவது. மூன்றாவது இல்லாமல் நான்காவது தெரிகிறதென்றால், உட்புற முனை பிய்ந்து மூட்டுக்குள் சிக்கியிருக்கக்கூடும். வரிசை தெரியாதவர் அதை இயல்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அல்பன் கோலர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1910இலேயே இயல்புக்கும் நோயின் தொடக்கத்துக்கும் இடையிலான எல்லையைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோயைப் போல நடிக்கும் இயல்பான வேறுபாடுகளை மட்டுமே தொகுத்த தியோடர் கீட்ஸின் படத்தொகுப்பு 1973இல் வந்தது. நோயில்லாத படங்களுக்கென்றே பெரிய நூல் தேவைப்பட்டது என்றால், இயல்பு என்பது ஒரே படத்தில் அடங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: யாருடைய இயல்பு? கை எலும்புகளைப் பார்த்து வயது கணிக்க உலகெங்கும் பயன்படும் கிரூலிக், பைல் படத்தொகுப்பு, 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதியில் வசதியான வெள்ளையினக் குடும்பங்களின் குழந்தைகளிடம் எடுத்த படங்களைக் கொண்டது. நம் ஊர்க் குழந்தையின் உணவும் வளர்ச்சியும் வேறு. எலும்பைக் கொண்டு கணித்த வயதில் இரண்டு ஆண்டுகள் வரை முன்பின் இருக்கலாம் என்று இந்திய நீதிமன்றங்கள் ஏற்றிருப்பது சரியான எச்சரிக்கை. இந்தக் குறை என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாக நான் கருதவில்லை. இரவல் இயல்பு போதாது என்பதால், நம் மருத்துவக் கல்லூரிகள் நம் குழந்தைகளின் நலமான படங்களைச் சேர்த்துக் கற்பிப்பது இன்னும் கட்டாயமாகிறது.

சி.டி. ஸ்கேனும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட பிறகு இந்த உழைப்பு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. நெஞ்சு சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, சாதாரண எக்ஸ்ரேயைப் போல் பல பத்து மடங்கு. ஒவ்வொரு இருமலுக்கும் அதை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. காசநோய்க் கண்டறிதலில் கணினி மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் அந்தப் பரிந்துரை 15 வயது நிரம்பியவர்களுக்குத்தான். இயல்பு மிகுதியாக மாறிக்கொண்டே இருக்கும் குழந்தைப் பருவத்தை அது விட்டுவிட்டது. மென்பொருளும் நலமான படங்களையும் நோய்ப் படங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் கற்கிறது. அது தரும் விடை சரியா என்று பார்க்கவும் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணின் வேகம் அசாதாரணமானது. கண்டல், நோடின் என்ற ஆய்வாளர்கள் 1975இல் கதிரியல் நிபுணர்களுக்கு நெஞ்சுப் படங்களை 0.2 நொடி மட்டுமே காட்டினார்கள். அதற்குள் பத்தில் ஏழு என்ற அளவில் கோளாறுகள் பிடிபட்டன. நெடுநாள் கேட்டுப் பழகிய காது சுருதி விலகியதை உடனே உணர்வது போன்றது இது. தேடிப் பார்க்க அங்கே நேரமே இல்லை. உள்ளே படிந்திருந்த இயல்போடு படம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை ஆயிரம் படங்கள் பார்த்த நிபுணருக்கும் ஒரு தனி மனிதரின் இயல்பு முழுதாகத் தெரியாது. ஒருவருக்குப் பழைய தழும்பு இருக்கும். இன்னொருவருக்குக் கழுத்தடியில் கூடுதலாக ஒரு விலா எலும்பு பிறவியிலேயே இருக்கும். அதைச் சொல்லக்கூடியது அவருடைய பழைய படம் ஒன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் அதே அளவில் இருந்த புள்ளியைக் கண்டு பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக வந்த புள்ளியை அப்படி விட முடியாது. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன எக்ஸ்ரே படத்தையும் தூக்கி எறியாதீர்கள். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.