ரொட்டித் துணுக்கு தேடும் வீடு

பண்டிகை என்றால் வீட்டை ஒழித்துக் கழுவும் வேலை எந்த ஊரிலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆனாலும் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு நடக்கும் சுத்தம் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துக்குக் கூடமாட உதவி செய்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், மாவு புளிக்கக்கூடக் காத்திராமல் அவசரமாகப் புறப்பட்டார்கள் என்கிறது அவர்கள் வேதம். அதன் நினைவாக, மார்ச்-ஏப்ரலில் வரும் இந்தப் பண்டிகையில் இஸ்ரேலில் 7 நாளும், வெளிநாடுகளில் ஆசாரமான குடும்பங்களில் 8 நாளும் புளித்த மாவுப் பண்டம் ஆகாது. சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது, வீட்டிலேயே இருக்கக் கூடாது! கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய 5 தானிய மாவும் தண்ணீர் பட்டு 18 நிமிஷம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. அதற்கு 'ஹமேஸ்' என்று பெயர். 'மட்சா' என்ற தட்டை ரொட்டியை அந்த 18 நிமிஷத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிடுகிறார்கள்.

வேலை படுக்கையறையில் ஆரம்பித்துச் சமையலறையில் முடியும். சோபா இடுக்கு, ஸ்கூல் பை, கோட்டுப் பாக்கெட், குழந்தையின் தள்ளுவண்டி என்று பிஸ்கட் தூள் ஒளியும் இடமெல்லாம் உதறுவார்கள். பண்டிகைக்கென்றே தனிப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கும். அன்றாட உலோகப் பாத்திரம் வேண்டுமென்றால், நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் உபயோகிக்காமல் வைத்து, கொதிக்கும் நீரில் முக்கி எடுக்கணும். மண் பாத்திரத்துக்கு இது செல்லாது. மிச்சமிருக்கும் மாவு, விஸ்கி வகையறாவை அலமாரியில் பூட்டி, ரபி மூலம் யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வயசில் ஒரு பிள்ளை, கையில் இரண்டு மாசக் குழந்தை. ராத்திரி ஒரு மணிக்கும் அவள் சமையலறை விளக்கு எரியும். ஒரு நாள் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "திரைச்சீலை துவைக்கலை, ஜன்னல் துடைக்கலை, நாள் போதாது" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அன்றைக்கே அவள் மாமியார் வந்து சேர்ந்தார். மருமகள் எழுதிய இரண்டு பக்கப் பட்டியலை வாங்கி, பென்சிலால் அடிக்க ஆரம்பித்தார். "தூசி வேற, ஹமேஸ் வேற அம்மா. ஜன்னல் கண்ணாடியில உட்கார்ந்து யாராவது ரொட்டி தின்பாங்களா? திரைச்சீலையை மே மாசம் துவைச்சுக்கலாம். விடுதலைப் பண்டிகைக்கு நீ அடிமையா வந்து உட்காரக் கூடாது" என்றார். கடைசியில் பதினோரு வரிதான் மிஞ்சியது. வெந்நீர் கொதிக்கும் நேரத்தில் பெரிய பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு அப்பாவுக்கு!

கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அந்தக் குடும்பத்தில் அந்த நாட்களில் அரிசி, பருப்பும் சேர்ப்பதில்லை. ஆனால் நோயாளிக்கும் சின்னக் குழந்தைக்கும் தேவையென்றால் கொடுக்கலாம் என்கிறார்கள் ரபிகள். நம் கொச்சி யூதர்களோ அரிசி சாப்பிடுபவர்கள். பஸ்காவுக்கான அரிசியை மாதக்கணக்கில் முன்பாகவே மணி மணியாகப் பொறுக்கி வைத்தார்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

பண்டிகைக்கு முந்தின இரவு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 10 ரொட்டித் துணுக்கைப் பொட்டலம் கட்டி ஒளித்துவைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேடி, இறகால் மரக்கரண்டியில் கூட்டி எடுப்பார்கள். மறுநாள் காலை அதை எரித்துவிட்டால் வீடு தயார்.

அந்த வருஷம் 'ஸேதர்' விருந்தில், சுதந்திர மனிதர் என்பதற்கு அடையாளமாக இடப்பக்கம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்தப் பண்டிகைக்கும் பட்டியல் எழுதுகிறவர்கள், 'இது சாஸ்திரமா, வெறும் தூசியா?' என்று வரிக்கு வரி கேட்டுப் பாருங்கள். தூசியை அடுத்த மாசத்துக்குத் தள்ளலாம். தாயின் உடம்பைத் தள்ள முடியாது.