சினைப்பையில் கட்டி: ஆபரேஷனுக்கு முன் புற்றுநோய் நிபுணரைப் பார்க்க வேண்டியது யார்?

அம்பாசமுத்திரத்தில் இருந்து அம்மா போன் செய்கிறார். "வயிறு உப்புசமா இருக்குன்னு ஸ்கேன் எடுத்தேம்மா. சினைப்பையில கட்டியாம். அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லுதாவ." பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டும் வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் அதை கூகுளில் தேடி, பத்தே நிமிடத்தில் பயந்துபோகிறார்.

நெல்லை, தென்காசிப் பக்கம் பல வீடுகளில் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். அது புற்றுநோயா, இல்லையா என்பது பெரும்பாலும் கட்டியை எடுத்துப் பரிசோதித்த பிறகே உறுதியாகும். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் ஆபரேஷனை யார் செய்ய வேண்டும்?

எல்லா நீர்க்கட்டியும் ஒன்றா?

இல்லை. நம்ம ஊரில் 'நீர்க்கட்டி' என்றால் பெரும்பாலும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் பிரச்சினையைத்தான் சொல்வார்கள். இங்கே பேசுவது சினைப்பையில் தனியாக வளரும் கட்டியைப் பற்றி.

மாதவிடாய் வரும் வயதில் இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. தெளிந்த நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்குக் குறைவான கட்டி பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களில் தானாகவே கரைந்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் கட்டியைத்தான் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதைத் தேட வேண்டும்?

'சிம்பிள் சிஸ்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. கட்டிக்குள் பல அறைகள் (மல்டிலாகுலர்), திடமான பகுதி (சாலிட்), இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர் (அசைட்டிஸ்) ஆகியவை இருந்தால் உஷாராக வேண்டும்.

சில ரிப்போர்ட்களில் 'ஓ-ராட்ஸ்' என்ற எண் இருக்கும். 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. 3 என்றால் 10 சதவீதத்துக்குள். 4 என்றால் 10 முதல் 50 சதவீதத்துக்குள். 5 என்றால் 50 சதவீதமோ அதற்கு மேலோ. 4 அல்லது 5 வந்தால் மகளிர் புற்றுநோய் நிபுணரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

சிஏ-125 அதிகம் என்றால் புற்றுநோய்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த ரத்தப் பரிசோதனையில் 35 வரை இயல்பு. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிடாய் நாட்களில்கூட இது ஏறும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கலாம்.

அதனால்தான் மருத்துவர்கள் 'ஆர்எம்ஐ' கணக்கைப் போடுகிறார்கள். மேலே சொன்னவை போன்ற ஸ்கேன் அறிகுறிகளில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்கவில்லை என்றால் 1, நின்றுவிட்டால் 3. இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும்.

28 வயது மகளுக்கும் 58 வயது அம்மாவுக்கும் சிஏ-125 ஒரே அளவு, 70 என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு ஒரு அறிகுறிதான்: 1×1×70 = 70. அம்மாவுக்கு இரண்டு அறிகுறிகள், மாதவிடாயும் நின்றுவிட்டது: 3×3×70 = 630. பொதுவாக 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். இளம் பெண்களுக்கு இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. 40 வயதுக்குக் கீழே சந்தேகமான கட்டி என்றால் ஏஎஃப்பி, எல்டிஹெச், ஹெச்சிஜி பரிசோதனைகளும் தேவை.

முதல் ஆபரேஷன் ஏன் முக்கியம்?

புற்றுநோய்க் கட்டி சினைப்பைக்குள்ளேயே முழுதாக இருந்தால் அது '1ஏ' நிலை. ஆபரேஷனில் அது உடைந்து சிந்தினால் '1சி' ஆகிவிடும். வெறும் கட்டிதானே என்று துளை போட்டு நீரை உறிஞ்சுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். புற்றுநோய் நிபுணர் கட்டியை உடையாமல் எடுக்கப் பார்ப்பார். நோய் வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்று அப்போதே சோதிப்பார். ஆரம்பநிலை என்றால், குழந்தை பெற விரும்பும் பெண்களுக்கு ஒரு சினைப்பையையும் கருப்பையையும் காப்பாற்றவும் பல நேரம் வழி உண்டு.

நெல்லையில் இருந்து எங்கே போவது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் தொடங்கலாம். மேல் சிகிச்சைக்கு, 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சாலை வழியே சுமார் 150 கி.மீ. தூரத்தில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று 104-க்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, கூடவே வாந்தி என்றால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது நிபுணரைத் தேடிக்கொண்டிருக்காமல், பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

மற்றபடி, கட்டியைப் பார்த்த டாக்டரிடமே நேராகக் கேட்கலாம்: "இதோட ஆர்எம்ஐ எவ்வளவு டாக்டர்? புற்றுநோய் நிபுணர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாமா?" இப்படிக் கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் அம்மாவுக்காக மகள் கேட்க வேண்டிய கேள்வி இது.