"கேக்குறதை நிறுத்துனேன்... தூக்கம் வந்துச்சு!" - மௌன ஜெபம் தரும் மன அமைதி

ஒத்தக்கடையில் விடிவதற்கு முன்பே ஹாரன் சத்தம் தொடங்கிவிடும். மேலூர், திருச்சி போகிற பஸ்கள், லாரிகள், டீக்கடை ஸ்பீக்கர் என ஊரே பரபரக்கும். யானைமலை மட்டும் அசையாமல் படுத்திருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்கள் மௌனம் காத்த மலை அது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். கிறிஸ்தவர். சில வருடங்களுக்கு முன், ஒரே வாரக் காய்ச்சலில் கணவரைப் பறிகொடுத்தவர். அதிகாலையில் அவர் வீட்டு ஜன்னலைக் கடந்தால், பாயில் சும்மா உட்கார்ந்திருப்பது தெரியும். பாட்டு இல்லை, சத்தமான ஜெபமும் இல்லை. "என்ன டீச்சர் பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல விடிய விடிய ஜெபிச்சேன் தம்பி. அவர் பிழைக்கலை. அப்புறம் ஆறு மாசம் எனக்கு ஜெபமே வரலை. ஒருநாள் எதையும் கேக்காம, ஆண்டவர் முன்னாடி சும்மா உக்காந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் தூங்குனேன்" என்றவர், "இது ஒண்ணும் புதுசு இல்லப்பா. குளித்தலைப் பக்கம் சாந்திவனம்னு ஒரு ஆசிரமம் இருக்கு. அதைப் பத்திப் படிச்சுப் பாரு" என்றார்.

படித்தேன். உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

காவி கட்டிய பாதிரியார்கள்

கரூர் மாவட்டம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையோரம் இருக்கிறது சாந்திவனம். 'சச்சிதானந்த ஆசிரமம்' என்பது அதன் முறையான பெயர். 1950 மார்ச் 21-ம் தேதி இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர், 1939-ல் தமிழகம் வந்து குளித்தலைப் பகுதியில் பங்குத்தந்தையாக இருந்த ஜூல்ஸ் மொன்ஷனென். மற்றவர், 1948-ல் வந்த ஆன்றி லெ சோ என்ற துறவி. பிற்காலத்தில் 'அபிஷிக்தானந்தா' என்று அறியப்பட்டவர். 1949-ல் இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். அந்த மௌனம் அபிஷிக்தானந்தாவை ஆழமாகத் தொட்டது.

காவி உடை, சைவ உணவு, குடிசை வாசம் என்று வாழ்ந்தார்கள். ஆனால், அவர்களோடு தங்கித் துறவு வாழ யாரும் நிலைக்கவில்லை. 1957-ல், சிகிச்சைக்காக பாரிஸ் போன இடத்தில் மொன்ஷனென் இறந்துபோனார். அபிஷிக்தானந்தாவின் மனமோ அருணாசலக் குகைகளையும் இமயத்தையும் தேடிப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் அது தோற்றுப்போன முயற்சி. ஆனாலும், அந்த முயற்சி அதோடு முடிந்துவிடவில்லை.

1968-ல் பொறுப்பேற்றார் பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆங்கிலேயத் துறவி. அவர் காலத்தில்தான் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். கோயில் கோபுரம் போன்ற அமைப்பில் தேவாலயம். ஜெபத்தில் பைபிளோடு உபநிடத வாசகங்களும் தமிழ் பக்திப் பாடல்களும் உண்டு. காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. இவற்றோடு, விடியலிலும் அந்தியிலும் மௌன தியானம்.

எதிர்ப்பும் வந்தது. 'மதமாற்றத்துக்கான வேஷம்' என்று இந்துக்களில் சிலரும், 'தேவாலயத்தில் குங்குமம் எதற்கு?' என்று கிறிஸ்தவர்களில் சிலரும் கேட்டார்கள். மதுரைக்கு இது பழைய கேள்விதான். 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழும் சம்ஸ்கிருதமும் கற்ற இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலியும் இதே எதிர்ப்பைச் சந்தித்தார். 1623-ல் போப் 15-ம் கிரகோரி அவருடைய முறைக்கு அனுமதி கொடுத்தார்.

83 வயதில் ஒரு பாடம்

பீட் கிரிஃபித்ஸ் பெரிய படிப்பாளி. 1990 ஜனவரியில், 83 வயதில், ஆசிரமக் குடிசையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. சாகப் போகிறோம் என்று நினைத்தார். பிழைத்த பிறகு, அந்த நாள்களில் தன்னை ஓர் அன்பு மூழ்கடித்ததாகவும், எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று தோன்றியதாகவும் பகிர்ந்துகொண்டார். அத்தனை ஆண்டுகள் அறிவால் தேடியது, உடல் முடங்கியபோது அன்பாக வந்து சேர்ந்தது. 1993 மே மாதம் சாந்திவனத்திலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கஷ்டமே வராத வாழ்க்கையை மௌன ஜெபம் தருவதில்லை. கஷ்டத்துக்கு நடுவில், நாம் தனியாக இல்லை என்ற உணர்வைத் தருகிறது. டீச்சர் சொன்னதும் இதைத்தான்.

எப்படித் தொடங்குவது?

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. அதிக வார்த்தைகளை அடுக்கவும் வேண்டாம் என்றார். மத்தேயு நற்செய்தி 6-ம் அதிகாரத்தில் இதைப் பார்க்கலாம். பழங்கால எகிப்துப் பாலைவனத் துறவிகளும் ஒரு சிறு ஜெப வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள்.

இந்தக் காலத்தில் இதைப் பரப்பியவர்களில் ஒருவர் ஜான் மெயின் என்ற பாதிரியார். துறவியாவதற்கு முன், 1950-களில் மலேயாவில் வேலை பார்த்தபோது, தியானத்தை அவர் கற்றுக்கொண்டது சுவாமி சத்யானந்தா என்ற இந்துத் துறவியிடம்!

அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது.

* காலையிலும் மாலையிலும் ஒரே நேரம், ஒரே இடம். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள்.

* 'மாரநாதா' (ஆண்டவரே, வாரும்) போல ஒரு சிறு ஜெபச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

* நினைப்பு எங்கேயாவது ஓடினால் கோபப்படாதீர்கள். மறுபடியும் அந்தச் சொல்லுக்கே வாருங்கள்.

* குறைந்தது 20 நிமிடங்கள் என்பது அவர் சொன்ன அளவு. நீங்கள் ஐந்தில் தொடங்கலாம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

ஒரு விஷயம். தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ஜெபத்தையும் மருந்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புவதுதான் என் வேலையே. இருந்தாலும் ஒருநாள் காலையில் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது நிமிஷமே கை போனைத் தேடியது. டீச்சரிடம் சொன்னேன். சிரித்தார்.

"கை போச்சா? திரும்ப மடியில வை. மறுபடியும் போகும், மறுபடியும் வை. அம்புட்டுத்தான் தம்பி ஜெபம்!"