மேடும் பள்ளமும் – 11: எழுபத்திரண்டு ஷில்லிங்

சென்ற வாரம் 1937-ல் விட்டோம். கோல்டு கோஸ்ட் விவசாயிகள் ஒரு பருவத்துக் கொக்கோவை விற்காமல் வைத்துக்கொண்டு, கூடிப் பேசி விலையைக் குறைத்த ஐரோப்பிய கம்பெனிகளைப் பின்வாங்க வைத்தார்கள். அடுத்து உலகப் போர் வந்தது; கொள்முதலை அரசே கையில் எடுத்தது. போர் முடிந்த பிறகும் விடவில்லை. 1947-ல் கொக்கோ சந்தை வாரியம் என்று நிரந்தரமாகவே ஒன்றை அமைத்தார்கள். விளைவது முழுவதையும் வாரியம்தான் வாங்கும். உலக விலை ஏறும்போது கொஞ்சம் பிடித்து வைக்கும். விலை விழும்போது அதிலிருந்து எடுத்து விவசாயிக்குக் கொடுக்கும். ஏற்பாடு கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிடித்து வைப்பது மட்டும் ஒழுங்காக நடந்தது.

கொக்கோக் காய் பலாக்காய் மாதிரி தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். உயரத்தில் உள்ளதைத் துரட்டியால் அறுத்து, கத்தியால் உடைத்து, வெள்ளைச் சதை வழவழவென்று சுற்றிய கொட்டைகளை வாழை இலை பரப்பிக் குவித்து மூடுவார்கள். ஐந்தாறு நாள் புளிக்க வேண்டும். நடுவில் கிளறிவிட வேண்டும். பிறகு மூங்கில் பாய் விரித்த பரணில் வெயிலில் காயவேண்டும். மேகம் கறுத்தால் பாயைச் சுருட்டி மூட யாராவது பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். காய்ந்ததை 60 ராத்தல் சுமையாகக் கட்டித் தலையில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தராசு எழுத்தருடையது. எடையில் அடிக்கிறார்கள் என்ற புகார் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் எழுத்தர் அடித்தது சில்லறைதான். மொத்தமாக அடித்த இடம் தலைநகர் அக்ரா.

1954 ஆகஸ்டில் நிதியமைச்சர் பெதேமா ஒரு மசோதா கொண்டுவந்தார். சுமைக்கு 72 ஷில்லிங். நான்கு வருஷத்துக்கு அதில் மாற்றமில்லை. டன் கணக்கில் பார்த்தால் சுமார் 134 பவுண்டு வரும். உலகச் சந்தையில் அப்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அந்த 72 ஷில்லிங்கும் முழுதாக ஒரு கைக்குப் போகவில்லை. வாரத்துக்குத் தோட்டம் பார்ப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு, அபுசா என்பார்கள். அவருக்கும் கீழே, வடக்கிலிருந்து பிழைக்க வந்த கூலியாள் இருந்தார்.

அசாந்திப் பகுதி கொதித்தது. அடுத்த மாதமே குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் என்று ஒரு கட்சி கிளம்பியது. அதன் சின்னம் கொக்கோ மரம். விலை மட்டும் காரணமில்லை, அசாந்தி மன்னரின் பெருமையும் பழைய பகைகளும் கலந்திருந்தன. குண்டு வெடித்தது, உயிர்கள் போயின. 1957-ல் நாடு கானா என்ற பெயரில் விடுதலை பெற்றபோது கட்சி அடங்கிப்போனது. வாரியம் அப்படியே நின்றது.

அப்போது ஆட்சியில் இருந்த நுக்ருமாவைத் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லெகோன் பல்கலைக்கழகத்தைக் கட்டக் கொக்கோப் பணம் உதவியது. கொக்கோ விவசாயிகளின் பிள்ளைகள் வாரியத்தின் உதவித்தொகையில் படித்தார்கள். தேமா துறைமுகமும் அக்ரா–தேமா நெடுஞ்சாலையும் வந்தன. 1966 ஜனவரியில் அகோசோம்போ அணையை அவர் திறந்துவைத்தார். அதற்கு உலக வங்கிக் கடனும் உண்டு. அணை நீரில் வீடிழந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். மின்சாரத்தின் பெரும்பகுதி தேமாவின் அலுமினிய ஆலைக்குப் போனது. மறுகுடியேற்ற ஊர்கள் பலவற்றில் வெகுகாலம் விளக்கு எரியவில்லை. அணை திறந்த அடுத்த மாதமே நுக்ருமாவைக் கவிழ்த்தார்கள். வந்தவர்கள் அவருடைய சிலையை உடைத்தார்கள், வாரியத்தை வைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் நடந்ததில் நாட்டைக் கட்டுவது என்ற சாக்கும் மெல்லக் காணாமல் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் வாரியத்தின் சம்பளப் பட்டியலில் லட்சம் பேருக்கு மேல். அதில் பல ஆயிரம் வெறும் பெயர்கள், ஆள் இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டை நாணய மாற்று. 1978 முதல் 1983 வரை ஒரு டாலருக்கு 2.75 சீடி என்று அரசு பிடிவாதமாக நின்றது. கள்ளச் சந்தையில் 1982 வாக்கில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். விவசாயியின் கொக்கோ லண்டனில் டாலராகவும் பவுண்டாகவும் விற்றது. அவருக்குக் கிடைத்ததோ 2.75 கணக்கில், அதிலும் வாரியம் கழித்தது போக மீதி. இறக்குமதி லைசென்ஸ் வைத்திருந்த அக்ராக்காரர் அதே டாலரை 2.75-க்கு வாங்கி, சோப்பும் பால் டின்னும் இறக்கிச் சந்தை விலைக்கு விற்றார். இப்படிப்பட்ட கொள்ளைக்குக் கானாவில் ‘கலபூலே’ என்று பெயர். வரி போட்டதாக யாரும் அறிவிக்கவில்லை, ரசீது கொடுக்கவில்லை. மாற்று விகிதம் என்ற ஒரே ஓர் எண்ணில் காடு முழுவதும் நகரத்துக்குக் கப்பம் கட்டியது.

ஏன் எந்த அரசும் இதைத் திருத்தவில்லை? முன்பே ஒருவர் திருத்திப் பார்த்தார். பிரதமர் புசியா 1971 டிசம்பர் கடைசியில் சீடியின் மதிப்பைக் குறைத்தார். நகரத்தில் இறக்குமதிப் பொருள் விலை எகிறியது. ராணுவ அதிகாரிகளின் சலுகைகளிலும் ஏற்கெனவே கைவைத்திருந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1972 ஜனவரி 13-ல் கர்னல் அச்செம்பாங் ஆட்சியைப் பிடித்தார். பிடித்த கையோடு சீடியின் மதிப்பை மறுபடி ஏற்றினார்.

நகரத்துப் பக்கமே சாயும் இந்தப் போக்கைப் பற்றி மைக்கேல் லிப்டன் 1977-லும், ஆப்பிரிக்காவின் வாரியங்களை வைத்து ராபர்ட் பேட்ஸ் 1981-லும் புத்தகம் எழுதினார்கள். புசியாவின் அந்த மூன்று வாரத்தைப் படித்தாலே பாதி விளங்கிவிடும். ரொட்டி விலை ஏறினால் தொழிலாளி, மாணவர், சிப்பாய் மூவரும் அரசு மாளிகைக்கு நடந்தே வந்துவிடலாம். கொக்கோத் தோட்டக்காரர் அக்ராவுக்கு வரவே ஒரு நாள் லாரியில் குலுங்க வேண்டும்.

அவர் ஏன் பயிரை மாற்றவில்லை என்று கேட்கலாம். மரம் காய்க்கவே நாலைந்து வருஷம் ஆகும், காய்த்தால் முப்பது வருஷம் நிற்கும். அப்பன் நட்ட மரத்தை யார் வெட்டுவார்? பிழிவதற்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் செத்த மரத்துக்குப் பதில் புதுக்கன்று நடாமல் இருக்கலாம், மருந்தடிக்காமல் விடலாம், இரவில் மூட்டையோடு ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டலாம். அங்கே கிடைத்த பிராங்கை எங்கும் மாற்றலாம். அவர் இந்த மூன்றையும் செய்தார். 1964-65-ல் ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த நாட்டில் 1983-84-ல் 1.58 லட்சம் டன்தான் விளைந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்துகொண்ட வருஷம் அது. இடையில் உலகின் முதலிடம் ஐவரி கோஸ்ட்டுக்குப் போய்விட்டது.

ரொக்கத்துக்குப் பதில் எழுத்தர்கள் துண்டுச்சீட்டு கொடுத்து இழுத்தடித்ததை நிறுத்த, 1982-ல் அக்குவாஃபோ செக் என்ற முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அக்குவாஃபோ என்றால் விவசாயிகள். நல்ல எண்ணம்தான். ஆனால் வங்கி இருந்தது டவுனில். விவசாயிகள் செக்கை மடித்து வைத்துக்கொண்டு டவுன் வங்கி வாசலில் நாள்கணக்கில் வரிசை நின்றார்கள்.

1983-ல் ராலிங்ஸ் அரசு சீடியைச் சரிய விட்டது. விலை ஏறியது, விளைச்சலும் மீண்டது. வாரியம் போகவில்லை. 2024-ல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, அது விற்பனையின் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. செப்டம்பரில் கானா விவசாயிக்கு அறிவித்தது 64 கிலோ மூட்டைக்கு 3,000 சீடி. டன் கணக்கில் மூவாயிரம் டாலர் சொச்சம்.

இப்போது அவர் நிலத்துக்கே இன்னோர் ஆள் விலை பேசுகிறார். ‘கலம்சே’ எனப்படும் திருட்டுத் தங்கச் சுரங்கக்காரர். பொக்லைன் இறங்கினால் மரம் ஒரே நாளில் சாயும், பணம் மொத்தமாகக் கைக்கு வரும். செக்குக்காக நின்ற தலைமுறையின் பிள்ளைகளில் பலர் தலையாட்டிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் ப்ரா ஆறு இப்படிச் சேறாகிப்போய்ச் சுத்திகரிப்பு நிலையம் திணற, கேப் கோஸ்ட் நகரக் குழாய்களில் தண்ணீர் குறைந்தது. அடுத்த மாதம் அக்ராவில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், கைதும் ஆனார்கள். நிலத்தைக் கொடுத்தவர்களின் பணம் எங்கே போனது, தங்கம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)