எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு சைக்கிளும்

எங்கள் சேத்தியாத்தோப்பில் சைக்கிளுக்கு ஏற்றம் என்றால் வெள்ளாற்றுப் பாலமும் வீராணம் ஏரிக்கரையும்தான். மலை வேண்டுமென்றால் விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் என்று மேற்கே மிதிக்க வேண்டும். நான் போவது கொல்லிமலைக்கு.

முதல்நாள் இரவு சேந்தமங்கலத்தில் தங்கிவிட்டு, விடியும்போதே அடிவாரமான காரவள்ளியில் இருப்பேன். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகையோடு. இடப்பக்கம் திரும்பும் வளைவுகள்தான் ஆளைச் சோதிப்பவை. உள்விளிம்பு அவ்வளவு செங்குத்து. நின்று மிதித்தால் மூச்சு வாங்கும். உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டு போகக்கூடிய வேகத்தில் ஏறுவதே சரி.

ஏற்றுவது கியர்தான். சாதாரண சைக்கிளில் பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு தடவைக்கு மேல் சுழலும். முன், பின் பல்சக்கரங்கள் இரண்டிலும் 34 பல் இருந்தால் ஒரே ஒரு சுற்றுதான். தூரம் குறையும், முழங்காலுக்குப் பாரமும் குறையும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937இல்தான் செயினை மாற்றும் கியரை அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள்!

மலைமேல் ஏறியதும் சோளக்காடு என்ற ஊரில் அன்னாசியும் டீயும். இறக்கத்தில்தான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்தி, வளைவில் விட வேண்டும்.

வேன், பஸ் ஓட்டும் அண்ணன்மார்களே, மலையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதுதானே வழக்கம்? சைக்கிளுக்கும் அதைச் செய்யுங்கள்.